ஹைலக்ஸ் வீகோ 2.5: செம்பனைத் தோட்டத்துக்கு 2 இஞ்ச் தூக்கணுமா, டயரே போதுமா?

பாரிட்_ஏழு (ஊத்தான் மெலிந்தாங்) கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ 2.5 ஜி பிக்கப், 2010, மேனுவல், டபுள் கேப், 2கேடி டீசல் எஞ்சின், ஃபோர்வீல். டயர் கம்பெனி அளவு 255/70 ஆர்15 சி. சஸ்பென்ஷன்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கல.

வேலை இதுதான்: 8 ஏக்கர் செம்பனை. 12 நாளைக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு ரெண்டு மூணு நடை, நடைக்கு 800 கிலோ குலை. தோட்டத்துல இருந்து ரேம்ப் (குலை எடுக்கிற இடம்) வரைக்கும் 3 கிலோமீட்டர், பாரிட் (வடிகால் கால்வாய்) ஓரமா பண்டு (மண்கரை) வழி. அப்புறம் தார் ரோடு. வாரத்துல நாலு நாள் தெலுக் இந்தான் போய் வர்ற வீட்டு வண்டியும் இதேதான்.

தொல்லை மூணு. மழை மாசத்துல சக்கரத் தடம் குழியாகி நடுமேடு உசந்துடுது, பின் டிஃப் பூசணிக்கா (பின் அச்சு நடுவுல உருண்டையா இருக்கிற பல்சக்கரப் பெட்டி) அதுல போய் உக்காந்துக்குது. பாரம் ஏத்தினா பின்பக்கம் தொங்கி ஹெட்லைட் தென்னை மரத்து உச்சியைக் காட்டுது. மூணாவது மட்டை முள். மாசத்துக்கு ஒரு தடவையாவது டயர் ஓட்டை.

திட்டம்: 2 இஞ்ச் லிஃப்ட் கிட், 265/75 ஆர்16 எம்டி (ஆழப்பல் சேத்து) டயர், ஸ்நோர்கல் (எஞ்சினுக்குக் காத்தை உசரத்துல இருந்து எடுக்கிற குழாய்), இரும்பு பம்பரோட 9500 பவுண்ட் வின்ச் (மோட்டார் கயிறு இழுவை). கையில 8,000 வெள்ளி (ரிங்கிட்). எதை முதல்ல செய்யணும், எதை விட்டுடலாம்? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பக்கம் சிக்கல் வருமா?


கிரீஸ்_கை (சுங்கை சிப்புட்) பதில்:

தம்பி, முதலில் ஒரு கணக்கைச் சரி பண்ணிக்கொள்வோம். பின் டிஃப் அச்சோடு பிறந்தது. அச்சு நிற்பது டயர் மேலே. ஸ்பிரிங்கை 2 இஞ்ச் என்ன, 4 இஞ்ச் தூக்கினாலும் மேலே போவது சேசியும் பாடியும்தான். பூசணிக்காய் இருந்த இடத்தை விட்டு நகராது. முன்பக்கம் ஐஎஃப்எஸ் (சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு) என்பதால் அங்கே டிஃப் சேசியோடு சேர்ந்து ஏறும், அது வேறு கதை. உங்களுக்குத் தட்டுவது பின்னால். அதைத் தரையிலிருந்து விலக்க டயரைத் தவிர வேறு வழி கிடையாது.

255/70 ஆர்15 விட்டம் 738 மில்லிமீட்டர். 265/70 ஆர்16 போட்டால் 777. 265/75 ஆர்16 போட்டால் 804. டிஃப் உயர்வது வித்தியாசத்தில் பாதி: முதலாவதுக்கு 20 மி.மீ., இரண்டாவதுக்கு 33 மி.மீ. அந்த 13 மில்லிமீட்டருக்காக என்னென்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் 75 டயர் முன் மட்கார்டு உள்பிளாஸ்டிக்கையும் மட்ஃப்ளாப்பையும் உரசும், அதற்காகவே லிஃப்ட் தேவைப்படும். கியர் 9 சதவீதம் நீளமாகிவிடும். 800 கிலோவோடு பண்டில் கிளப்பும்போது கிளட்ச் தேய்வது அதனால்தான். பிரேக்கும் பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதலாக உழைக்கும். 70 டயருக்கு இந்த இழப்பு 5 சதவீதம்தான், 2கேடி அதைத் தாங்கும். லிஃப்ட் இல்லாமலே உட்காரும்.

மீட்டரையும் மறக்க வேண்டாம். 265/70 போட்டபின் முள் 100 காட்டினால், பழைய டயரில் ஓடியதைவிட 5 சதவீதம் கூட ஓடுகிறீர்கள். கம்பெனி மீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆகவே இது ஏறக்குறைய நிஜ வேகத்துக்கு வந்து நிற்கும். 75 போட்டால் 9 சதவீதம். கேமரா இருக்கும் ரோட்டில் முள்ளை நம்பி ஓட்ட முடியாது.

15லிருந்து 16க்குப் போவதால் ரிம்மும் மாற்ற வேண்டும், அதை வாங்கும்போது ஒரு குழி இருக்கிறது. ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ் எல்லாமே 6 நட், 139.7 வட்டம். அதைச் சொல்லி ட்ரைட்டன் ரிம்மைத் தலையில் கட்டுவார்கள். ட்ரைட்டன் நடுத்துளை 67.1, ஹைலக்ஸ் ஹப் 106.1. உட்காரவே உட்காராது. கடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 16க்கு 7 அல்லது 8 அகலம், ஆஃப்செட் (ரிம் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் அளவு) பிளஸ் 10க்குக் கீழே வேண்டாம். மைனஸ் ஆஃப்செட் போட்டு டயரை வெளியே தள்ளினால் பார்க்க மிடுக்காக இருக்கும். வீல் பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டியரிங் குழிக்குக் குழி கையைப் பிடுங்கும், சேறு கண்ணாடி வரைக்கும் அடிக்கும்.

டயர் பக்கச்சுவரில் எல்டி (லைட் டிரக், பாரவண்டி டயர்) என்று போட்டிருக்க வேண்டும். லோடு எண் 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 117 என்றால் 1,285, 121 என்றால் 1,450. எண்ணைவிட முக்கியம் பக்கச்சுவரின் தடிப்பு. மட்டை முள் குத்துவது பெரும்பாலும் அங்கேதான், அங்கே குத்தினால் பிளக் போட முடியாது. எஸ்யுவிக்கு விற்கும் மெல்லிய 265/70 ஆர்16 இதே அளவில் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

ஐந்தாவது டயரும் அதே அளவாக இருக்கட்டும். வீகோவில் நடு டிஃப் கிடையாது. பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்க ஹெச்4ல் (நாலு சக்கர இழுவையில்) ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும், லீவர் வெளியே வராது. தார் ரோட்டில் ஹெச்4 போடக்கூடாது என்பதற்கும் காரணம் இதே முறுக்குதான்.


கடலோரக்களி (பாகான் டத்தோ) பதில்:

அண்ணன் சொன்ன டயர் அளவு சரி. ஆனா அவர் இருக்கிறது சுங்கை சிப்புட், செம்மண் பூமி. மேல ரெண்டு இஞ்ச் சேறு, கீழ கெட்டி. அங்க எம்டி பல்லு சேத்தைக் கிழிச்சு அடித்தரையைப் பிடிக்கும். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ எல்லாம் கடல் களி, சில இடம் கரிமண் (மக்கின செடிகொடி மண்). மேல்தோல் காஞ்சு கெட்டியா தெரியும், அதைக் கிழிச்சா கீழ அடியே கிடையாது. ஆழப்பல் எம்டி போட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா நீங்களே உங்க குழியைத் தோண்டிக்கிறீங்க. அந்த நடுமேடு எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? சக்கரம் சுத்திச் சுத்தித் தடத்தை ஆழமாக்கினதுதான்.

1997ல ஆரம்பிச்ச ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டு வண்டிப் போட்டியில ஓடுற வண்டியைப் பார்த்து டயர் வாங்குறவங்க நம்ம ஊர்ல அதிகம். அங்க ஒவ்வொரு வண்டியிலயும் வின்ச் கயிறைத் தூக்கிட்டு ஓட ஒரு ஆள் இருப்பாரு. இங்க நீங்களும் 40 குலையும்தான்.

களிமண்ணுல வேலை செய்யறது காத்து. தார் ரோட்டுல காலி வண்டிக்கு 32, பாரத்தோட பின் டயருக்கு 40 பிஎஸ்ஐ. பண்டுக்கு இறங்கும்போது காலியா இருந்தா நாலையும் 20க்கு இறக்குங்க. டயர் அகலமாகாது, நீளமாகும். தரையில படுற தடம் நீண்டு எடை பரவும். பாரத்தோட திரும்பும்போது பின்னாடி 26, 28க்குக் கீழ போகாதீங்க. பக்கச்சுவர் மடிஞ்சு சூடாகும், முள்ளும் சுலபமா ஏறும். 15க்குக் கீழ இறக்கினா திருப்பத்துல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். தார் ஏறினதும் முதல் வேலை காத்து அடிக்கிறது. சின்ன கம்ப்ரஸர் போதும், ஆனா சிகரெட் லைட்டர்ல சொருகாதீங்க. அந்த ஃபியூஸ் 15 ஆம்ப், கொஞ்சம் நல்ல கம்ப்ரஸர் 30 இழுக்கும். பேட்டரியில நேரா கிளிப் போடுங்க.

டயருக்கு என் தேர்வு: பல் கொஞ்சம் பெருசா இருக்கிற ஏடி (தார், மண் ரெண்டுக்கும் ஆனது), எல்டி. வாரம் நாலு நாள் தார் ரோடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மழையில தார் மேல எம்டிக்குப் பிடிப்பு குறைவு, வீட்டு ஆளுங்களை ஏத்திட்டுப் போற வண்டி.

இன்னொண்ணு, காசு செலவில்லாதது. மட்டை அடுக்குற வரிசை ஒண்ணு, வண்டி போற வரிசை ஒண்ணுன்னு பிரிச்சுடுங்க. வெட்டுறவர் மட்டையைப் பாதையில போட்டுட்டுப் போனா எந்த டயரும் தாங்காது. பெரிய தோட்டத்துல இது சட்டம் மாதிரி, சின்னத் தோட்டத்துலதான் யாரும் பார்க்கறதில்ல.

பண்டு ஓரத்துக்குப் போகாதீங்க. தடம் குழியா இருக்குன்னு ஒரு சக்கரத்தை நடுமேட்டுலயும் ஒரு சக்கரத்தைப் பாரிட் விளிம்புலயும் விட்டு ஓட்டுறது நல்ல யோசனை மாதிரி தோணும். விளிம்பு சரிஞ்சா வண்டி பாரிட்டுக்குள்ள படுத்துக்கும். 2 இஞ்ச் தூக்கின வண்டி இன்னும் சுலபமா படுக்கும், குலை மேல அடுக்கியிருந்தா கேக்கவே வேணாம்.


இலைப்பட்டை (கூலிம்) பதில்:

டயரைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். பின்பக்கம் தொங்குவதைப் பற்றி எழுதுகிறேன், 8,000 வெள்ளியில் முதல் செலவு அங்கேதான் ஆக வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, நாலு பக்கமும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 800 கிலோ ஏற்றி மறுபடி அளவு. பாரத்தோடு இருக்கும்போது பின் அச்சுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (அச்சு சேசியில் முட்டாமல் தடுப்பது) நடுவே விரல் நுழையவில்லை என்றால் இலை ஸ்பிரிங் களைத்துவிட்டது. 2010 வண்டி, குலை ஏற்றிய வண்டி, களைத்துத்தான் இருக்கும்.

செய்யக்கூடியது இரண்டு. பழைய இலைகள் வளைவு இழக்காமல், விரிசல் இல்லாமல் இருந்தால் ஓர் இலை கூடுதலாகச் சேர்க்கலாம். ஏற்கெனவே நேராகிப் போயிருந்தால் முழு செட் மாற்றுங்கள். 300 கிலோ நிரந்தரப் பாரத்துக்கான செட் உங்களுக்குப் பொருந்தும். 500 கிலோ செட் வாங்க வேண்டாம். காலியாகத் தெலுக் இந்தான் போகும் நாலு நாளும் பின்பக்கம் துள்ளும், மழையில் வளைவில் துள்ளுகிற பின் அச்சு வழுக்கும்.

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்கும் வேலையைப் பாரம் ஏற்றும் வண்டிக்கு யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிளட்ச் விடும்போது அச்சு முறுக்கி, ஸ்பிரிங் எஸ் வடிவில் நெளியும். சென்டர் போல்ட் முறிவது இப்படித்தான். காற்றுப்பை வைத்துத் தாங்குவதும் வேண்டாம்: இலை ஸ்பிரிங் பாரத்தை முன் கண், பின் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசியோடு சேர்க்கும் இணைப்பு) என இரண்டு இடத்தில் சேசிக்குக் கொடுக்கிறது, காற்றுப்பை நடுவில் ஒரே புள்ளியில் முட்டுகிறது. டபுள் கேப் சேசி அந்த இடத்தில் வளைந்த படங்கள் ஆஸ்திரேலியப் பக்கம் ஏராளம்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால் யு-போல்ட் நாலும் புதிது. பழையது நீண்டு போயிருக்கும். திரும்ப முறுக்கினால் டார்க் (முறுக்கு விசை அளவு) காட்டும், பிடிக்காது. 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்க வேண்டும். ஷேக்கிளின் புஷ், பின் (ஊசி) இரண்டையும் அதே சமயத்தில் மாற்றுங்கள். பின்னுக்குள் கிரீஸ் நிப்பிள் உள்ளதைப் போட்டால் சேற்றில் ஓடும் வண்டிக்கு நல்லது, மாதம் ஒரு முறை கிரீஸ் அடித்தால் போதும்.

இனி, பட்டறையில் பத்துக்கு எட்டுப் பேர் தொடாத விஷயம். பின் அச்சுக்கு மேலே சேசியில் ஒரு வால்வு, அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி ஓடுகிறதா பாருங்கள். அதுதான் எல்எஸ்பிவி. பாரம் ஏறினால் சேசி தாழும், கம்பி வால்வைத் திறக்கும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பின்பக்கத்தை 2 இஞ்ச் தூக்கினால் வால்வுக்கு எப்போதும் காலி வண்டி என்றுதான் தெரியும். பின் பிரேக் பாதி செத்துவிடும், முன் பேட் மாதக் கணக்கில் தேயும். தூக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினாலும் அதே தவறுதான், அளவு குறைவு: 800 கிலோ ஏற்றியும் சேசி முன்போல் தாழாததால் வால்வு அதைக் குறைத்தே எடை போடும். ஆகவே தூக்கிய அளவுக்கு அச்சுப் பக்கத்துப் பிடிமானத்தை மேலே ஏற்ற வேண்டும், பிறகு பிரேக் ரோலரில் பின் சக்கர அளவைப் பார்த்து நிரவ வேண்டும். கம்பியை வளைத்துச் சரிக்கட்டுகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

குலை அடுக்குவதிலும் இருக்கிறது. டபுள் கேப் தொட்டியில் பாதி, அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. பெரிய குலைகளைக் கேபின் சுவரோடு ஒட்டி அடுக்குங்கள், உதிரிப் பழச் சாக்கு மட்டும் டெயில்கேட் பக்கம். அதே 800 கிலோதான், ஹெட்லைட் கீழே இறங்கும்.


பாரிட்_ஏழு:

ரொம்ப நன்றி. எல்எஸ்பிவி கம்பி இருக்கு, போய்ப் பார்த்தேன். இடது பின் பம்ப் ஸ்டாப் ரப்பர் பாதி பிஞ்சு கிடக்கு. சரி, லிஃப்ட் கிட்டை மறந்துடறேன். ஆனா வின்ச் வேணும்னுதான் தோணுது. மாட்டினா தனியா இருக்கேன். பின் டிஃப்ல எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம தடுக்கிற அமைப்பு) இருக்கா இல்லையான்னும் தெரியல, எப்படிக் கண்டுபிடிக்கிறது?


கயிறு28 (தாப்பா) பதில்:

எல்எஸ்டி சோதனை இது. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்க. பின் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்ட் போடுங்க, நியூட்ரல், ஹெச்2 (பின் சக்கர இழுவை மட்டும்), ஹேண்ட்பிரேக்கை விடுங்க. ஒரு சக்கரத்தைக் கையால சுத்துங்க. மறுபக்கம் எதிர்த்திசையில சுத்தினா ஓப்பன் (எல்எஸ்டி இல்லாத சாதா டிஃப்). அதே திசையில வந்தா எல்எஸ்டி, அதோட உள் கிளட்ச் தட்டும் இன்னும் உயிரோட இருக்கு. எல்எஸ்டின்னா ஆயில் அதுக்குன்னு உள்ள 90 நம்பர்; சாதா ஆயில் ஊத்தினா திருப்பத்துல பின்னாடி முனகும்.

ஓப்பனா இருந்தாலும் ஒரு தந்திரம் இருக்கு: ஒரு பின் சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டு நின்னா ஹேண்ட்பிரேக்கை மூணு நாலு பல் இழுத்துட்டு மெதுவா கிளட்ச் விடுங்க. சுத்துற சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும், இழுவை மறுபக்கம் போகும். எல்4 (மெதுவான நாலு சக்கர இழுவை), ரெண்டாம் கியர். முதல் கியர்ல சக்கரம் சீக்கிரம் சுத்திடும்.

வின்ச் விஷயம். உங்க வண்டி பாரத்தோட 2,700 கிலோ சொச்சம். ஒன்றரை மடங்குன்னு கணக்குப் போட்டா 4,050. 9500 பவுண்ட்னா 4,309 கிலோ, அளவு சரிதான். ஆனா அந்த எண் டிரம்முல முதல் சுத்துக் கயிறுக்கு மட்டும். மேல ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல குறையும். முழு இழுவையில 400 ஆம்ப் வரைக்கும் உறிஞ்சும், பழைய பேட்டரின்னா ரெண்டு நிமிஷத்துல எஞ்சினே நிக்கும். வின்ச் 35 கிலோ, இரும்பு பம்பர் 60 கிலோன்னு மூக்குல 100 கிலோ கிட்ட ஏறுது. அப்போ முன் காயில் மாத்தணும், அலைன்மென்ட் எடுக்கணும், 8,000 பறந்துடும். களிமண்ணுல மூக்கு கனத்த வண்டி முதல்ல மூழ்கும்.

உங்களுக்கு நான் சொல்றது 1.6 டன் கையிழுவை, டிர்ஃபோர் வகை (லீவரை ஆட்டிக் கயிறை இழுக்கிறது). அதோட ஒரு ஸ்நாட்ச் பிளாக். கப்பி வழியா மடிச்சு இழுத்தா 3 டன் கிட்ட வரும். முன்னாலயும் இழுக்கலாம், பின்னாலயும் இழுக்கலாம். முன் பம்பர் வின்ச்சால பின்னால இழுக்க முடியாது, மாட்டின வண்டி வெளியே வர்ற வழி முக்காவாசி வந்த வழிதான். இழுக்கிறதுக்கு முன்னாடி குலையை இறக்குங்க. இதைச் சோம்பல் பட்டுத்தான் எல்லாரும் கயிறை அறுக்கறாங்க. 800 கிலோ இறங்கினா பாதி நேரம் கையிழுவையே தேவைப்படாது.

எங்க கட்டறது? முன்னாடி அடியில இருக்கிற வளைஞ்ச கொக்கி கப்பல்ல கட்டறதுக்கு வச்சது, இழுக்க இல்ல. சேசியில ரெண்டு போல்ட் போட்ட ரிகவரி பாயிண்ட் முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வாங்கிடுங்க. கயிறு மாட்டுற ஷேக்கிள் (யு வடிவக் கொளுவி) 19 மி.மீ., 4.75 டன்னு பொறிச்சது. டிரெய்லர் மாட்டுற டோ பால் உருண்டையில மாட்டவே மாட்டாதீங்க, அது முறிஞ்சா குண்டு மாதிரி வரும். கயிறு இறுகும்போது நடுவுல ஈரச் சாக்கு ஒண்ணைப் போட்டு வைங்க, யாரும் தாண்டக் கூடாது.

மரத்துல கட்டறதுக்கு 75 மி.மீ. அகல ஸ்ட்ராப். செம்பனைன்னா தரையோட ஒட்டி, மட்டை வெட்டின அடிக்கட்டை ஸ்ட்ராப்பை அறுக்காம சாக்கு சுத்திக் கட்டுங்க. அதுக்கு ஆணிவேர் கிடையாது, உயரத்துல கட்டினா களிமண்ணுல மரமே சாயும். ரெண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டினா நல்லது. பக்கத்துல யாராவது பால் மரம் (ரப்பர்) வச்சிருந்தா அதுல வெறும் வயரைச் சுத்திடாதீங்க. வெட்டுப்பட்டை நசுங்கினா அந்தப் பக்கம் பால் போச்சு, சண்டைதான் மிச்சம்.


ரோட்டெக்ஸ்_கிராணி (தெலுக் இந்தான்) பதில்:

ஜேபிஜே கேள்விக்கு மட்டும். 265/70 டயர் மட்கார்டுக்குள் அடங்கினால் தொந்தரவு இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மறிப்பார்கள். வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு, லிஃப்ட், பம்பர் மாற்றம் உட்பட, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்; பட்டறைக்காரர் "எல்லாரும் செய்றாங்க" என்பது அனுமதி ஆகாது. கூரையில் எல்இடி விளக்குப் பட்டை போட்டு ரோட்டில் ஓட்டினாலும் சம்மன் வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களை எழுதித் தெரிவித்துவிடுங்கள், விபத்துக்குப் பிறகு தெரிவித்துப் பயனில்லை.

நாளைக்கு விற்கும்போது பெயர் மாற்ற பி5 பரிசோதனை உண்டு, கடனில் வாங்குபவர் என்றால் பி7. இரண்டிலும் சேசி எண்ணைப் பார்ப்பார்கள். வீகோவில் அது வலது முன் சக்கரத்துக்கு உள்ளே சேசிச் சட்டத்தில் அடித்திருக்கும். துருவுக்குப் பயந்து அடியில் கறுப்புப் பூச்சு அடிப்பவர்கள் அந்த எண் மேலேயே அடித்துவிடுவார்கள். பிறகு சுரண்டினால், எண்ணைத் திருத்தியது போலத் தெரியும். பூச்சுக்கு முன் அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் எடுத்துவிட்டு கிரீஸ் தடவுங்கள்.


கிரீஸ்_கை பதில்:

கடலோரக்களி சொன்னது சரி, எம்டி உள்நாட்டுச் செம்மண்ணுக்குத்தான். களிக்கு ஏடி எல்டியே எடுங்கள்.

ஸ்நோர்கல் விட்டுப்போச்சு. பண்டு வழியில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றால் அன்றைக்குக் குலை ஏற்றப் போகக்கூடாது, விளிம்பே தெரியாது. அப்படியிருக்க ஸ்நோர்கல் எதற்கு? போடத்தான் போகிறீர்கள் என்றால் குழாய் மட்டும் மாட்டிப் பயனில்லை. ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் வாய் இருக்கிறது, இணைப்புகளும் இறுக்கமாக இருக்காது. அதையெல்லாம் அடைக்காவிட்டால் மேலே காற்று, கீழே தண்ணீர் இரண்டையும் சேர்த்து இழுக்கும். டீசல் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும்.

அந்தக் காசில் இருபது முப்பது வெள்ளிக்கு 8 மி.மீ. ஹோஸ் வாங்கி டிஃப் பிரீதரை (உள்காற்று போய்வரும் துளையை) உயர்த்துங்கள். ஓடி வந்த டிஃப் சூடாக இருக்கும். பாரிட் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும், அச்சு மேலே இருக்கும் சின்ன பிரீதர் மூடி சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூடியைக் கழற்றி, நிப்பிள் போட்டு, ஹோஸை டெயில்லைட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள், நுனியில் சின்ன ஃபில்டர். பின் டிஃப், முன் டிஃப், டிரான்ஸ்ஃபர், கியர்பாக்ஸ் நாலுக்கும். ஹோஸில் அச்சு ஏறி இறங்கத் தளர்வு விடுங்கள். மழை மாதம் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் அடிபிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், ஆயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் மொத்தமும் மாற்ற வேண்டும். எப்போதும் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றிவிட்டுத்தான் அடிபிளக். அடி வழியாகக் காலி செய்த பின் மேல் பிளக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இருக்கிறதா? 2கேடிக்குச் சங்கிலி இல்லை, பெல்ட். டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியவில்லை என்பது சாட்சி ஆகாது, அதை யார் வேண்டுமானாலும் ரீசெட் செய்யலாம். ரசீது இல்லையென்றால் டயருக்கு முன்னாடி பெல்ட், டென்ஷனர், ஐட்லர். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். டீசல் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடியுங்கள். நம்ம பம்பில் வரும் டீசலில் செம்பனை மெத்தில் எஸ்டர் கலப்பு இருக்கிறது, நம்ம குலைதான் சுற்றித் திரும்பி வருகிறது. அது சாதா டீசலைவிட ஈரத்தை அதிகம் பிடிக்கும்.

உரம் ஏற்றுவீர்கள் அல்லவா? எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குத் தம்பி. அம்மோனியம் சல்பேட்டும் இரும்பைத் தின்னும். உரம் ஏற்றிய அன்றைக்கே தொட்டியைக் கழுவுங்கள். பிளாஸ்டிக் பெட்லைனர் இருந்தால் வருஷத்துக்கு ரெண்டு தடவை தூக்கிப் பாருங்கள், அதுக்குக் கீழே சேறும் உரமும் ஊறிக் கிடக்கும். சேசிச் சட்டத்தின் ஓட்டைகளுக்குள் ஹோஸை விட்டுத் தண்ணீர் அடியுங்கள், தெளிவாக வடியும் வரைக்கும். ரேடியேட்டருக்கு மட்டும் உயர் அழுத்த ஜெட் வேண்டாம். தகடு படுத்துவிடும், சாதா ஹோஸ், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து.


பாரிட்_ஏழு:

ரசீது இல்ல அண்ணே. அப்போ வரிசை இப்படி: டைமிங் பெல்ட், பின் ஸ்பிரிங் செட், யு-போல்ட், பம்ப் ஸ்டாப், எல்எஸ்பிவி நிரவல், பிறகு 265/70 ஏடி எல்டி அஞ்சு, பிரீதர், கையிழுவை. வின்ச், ஸ்நோர்கல், பம்பர் இல்ல. பின் ஸ்பிரிங் மாத்தினதும் அலைன்மென்ட் எடுக்கணுமா?


இலைப்பட்டை:

பின்னால் மட்டும் மாற்றினால் முன் அலைன்மென்ட் பெரிதாக மாறாது, ஆனால் புது டயர் போடும் அன்றைக்கு எடுத்துவிடுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே முன் லோவர் ஆர்ம் கேம் போல்ட்டுகளுக்குத் துரு எண்ணெய் அடித்து வையுங்கள். அந்த வயது வண்டியில் போல்ட் புஷ்ஷோடு பிடித்துக்கொண்டிருக்கும். அலைன்மென்ட் கடையில் அதை அசைக்க முடியாமல் டோவை (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணத்தை) மட்டும் திருகிவிட்டு அனுப்பிவிடுவார்கள். அச்சிட்ட தாளில் கேம்பர், கேஸ்டர் என்ற மற்ற இரண்டு கோணங்களும் பச்சையா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் அன்றைக்கே, பாதி பாரத்தோடு.